நாகபுரிக்கும் போபாலுக்கும் நடுவே

தொலைதூர ரயில் பிரயாணத்துக்குக் கையோடு எடுத்துப்போக ஒரு வழிகாட்டி நூல் வாங்க விரும்புகிறவர்கள், கடையில் முதலில் பார்ப்பது அட்டையையும் படங்களையும் விலையையும்தான் என்றாலும், அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, தாம் போகும் வழியில் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்தைப் பற்றி அந்த நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்த்த பிறகே, வாங்குவதா வேண்டாமா என்று நிர்ணயம் செய்ய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சென்னையிலிருந்து தில்லிக்குப் போகிறவர் நாகபுரிக்கும் போபாலுக்கும் நடுவே உள்ள பக்கங்களைத் தேட வேண்டும். நாகபுரி அத்தியாயம் முடிந்த மறுபக்கமே போபால் அத்தியாயம் தொடங்கிவிடுமானால், அந்த நூலை எவ்வளவு சிறந்த பண்டிதர் எழுதியிருந்தாலும் அது ரயில் பிரயாணிக்கு உரியதன்று.

இன்று கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை நகரங்களைப் பற்றியவை. ஓர் ஊரில் இறங்கியவர் எந்தக் கோட்டையைப் பார்க்கலாம், எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடைவீதியில் என்ன வாங்கலாம் என்று அவை விஸ்தாரமாகச் சொல்கின்றன. அந்த ஊருக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ரயில் பிரயாணியின் நிலையோ முற்றிலும் வேறானது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே உள்ள ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் தூரத்தைப் பல வண்டிகள் இரண்டு இரவும் ஒரு பகலுமாகக் கடக்கின்றன. அந்த நேரத்தில் பெரிய ஊர்களில் அவர் நிற்பது சில நிமிஷங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அவர் கண்ணுக்கு எதிரே ஓடிக்கொண்டிருப்பது வயலும், காடும், ஆறும், மலையும், பெயர் தெரியாத சின்ன ஸ்டேஷன்களும். பார்க்க வாய்க்காத கோட்டைகளை விவரித்துவிட்டு, நாள் முழுதும் பார்த்துக்கொண்டே போகிற நிலத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிற நூலால் அவருக்கு என்ன பிரயோஜனம்?

நான் சொன்ன அந்த நடுப்பகுதியையே எடுத்துக்கொள்வோம். நாகபுரியிலிருந்து போபாலுக்குச் சுமார் 390 கிலோமீட்டர். வண்டி நாகபுரியை விட்டதும் காட்டோல், நர்கேர் என்று ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன பிரதேசத்தில் நுழைகிறது. கறுப்பு மண்ணும் பருத்தியும் ஆரஞ்சுமாகச் சமதளத்தில் ஓடியவாறே, பயணி உணராத வண்ணம் சாத்பூரா மலைத்தொடரின் மேட்டுநிலத்துக்கு ஏறி, ஆம்லாவைத் தாண்டிப் பேதுலுக்கு வந்து சேரும்போது கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே வந்துவிடுகிறோம். பேதுலுக்கு வடக்கே மராம்ஜிரியிலிருந்து தாராகோ வரையில் பாதை தேக்குக் காட்டினூடே, குகைகளைத் துளைத்துக்கொண்டு, வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. எதிர்த்திசையில் ஏறிவரும் கனத்த சரக்கு வண்டிகளுக்குப் பின்னாலும் எஞ்சின் பூட்டித் தள்ளவேண்டிய அளவுக்கு இந்தச் சரிவு செங்குத்தானது. கைபேசியில் சமிக்ஞை அடிக்கடி அற்றுப்போகிற இடமும் இதுதான் என்பதால், எல்லாம் கையிலிருக்கும் கருவியிலேயே கிடைக்கும்போது அச்சிட்ட நூல் எதற்கு என்று கேட்பவர்கள், மலை மிக அழகாக இருக்கும் அந்த அரைமணி நேரத்தில் அது எந்த மலை என்றே அறியாமல் உட்கார்ந்திருக்க நேர்கிறது.

மலை இறங்கி, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடார்சி சந்திப்பைத் தாண்டினால், சிறிது நேரத்தில் நர்மதாபுரம். அதை விட்டதும் பாலம், பாலத்தின் கீழே நர்மதை. நாட்டின் பெரிய ஆறுகளில் பலவும் கிழக்கு நோக்கிப் போய் வங்கக்கடலில் விழுகையில், இது விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே பூமி பிளந்து தாழ்ந்த பள்ளத்தின் வழியே மேற்கு நோக்கிச் செல்கிறது. சற்றுமுன் இறங்கி வந்த மலை ஒரு கரை, இனி ஏறப் போகும் மலை மறு கரை என்று அறிந்துகொண்டு அந்தப் பாலத்தைக் கடப்பவருக்குப் பூகோளப் பாடம் முழுவதும் கண்ணெதிரே விரிந்துவிடுகிறது. பெட்டியில் இருக்கும் மத்தியப் பிரதேசத்துப் பெரியவர்கள் 'நர்மதே ஹர்' என்று கும்பிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே காசு வீசுவார்கள். அது ஏன் என்று அருகிலிருக்கும் தமிழ்ச் சிறுவன் கேட்டால் பதில் சொல்ல, கையிலுள்ள நூலில் இரண்டு வரியாவது இருக்க வேண்டாமா?

ஆற்றைத் தாண்டியதும் புத்னியிலிருந்து பர்கேடா வரை விந்திய மலை ஏற்றம். ரத்தாபானி புலிகள் காப்பகத்தின் காடு இருபுறமும் சூழ்ந்து வருகிறது. அந்தக் காட்டைக் கடந்து போபாலை நெருங்குவதற்கு முன், பாறைகள் கோட்டைச் சுவர்களைப் போல எழுந்து நிற்கும் ஒரு குன்றுத்தொடர் இருக்கிறது. 1888-இல் ஓர் ஆங்கில அதிகாரி அதைப் பௌத்தத் தலம் என்று குறித்துவிட்டுப் போனதோடு சரி. அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ ஆயிரம் பிரயாணிகள் அந்தப் பக்கமாகப் போனார்கள், வந்தார்கள். 1957-இல் போபாலுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த உஜ்ஜயினி அறிஞர் வி. ஸ்ரீ. வாகண்கர், பாறை ஓவியங்களைத் தேடித் திரிந்து பழகிய கண்ணுடையவராதலால், அந்தப் பாறைகளின் அமைப்பைக் கண்டதும் இங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகித்து, பிறகு ஆட்களோடு அங்கே போய்த் தேடினார். அப்படி உலகுக்குத் தெரியவந்ததுதான் பீம்பேட்கா: 700-க்கும் மேற்பட்ட பாறை ஒதுங்கிடங்கள், அவற்றுள் பலவற்றில் ஆதிமனிதன் தீட்டிய வேட்டைக் காட்சிகள், நடனங்கள், விலங்குகள். 2003-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

இந்த நாட்டின் மிகத் தொன்மையான சித்திரக்கூடம் ஒன்று, ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு மனிதரின் கவனத்தால் வெளிப்பட்டது என்ற செய்தியை, அதே தண்டவாளத்தின்மேல் போகும் பிரயாணிக்கு அதே இடத்தில் சொல்வதைவிட ஒரு வழிகாட்டி நூலுக்கு வேறென்ன பெரிய கடமை இருக்க முடியும்? நகரவாரியாக எழுதப்பட்ட நூல்களில் பீம்பேட்கா இல்லாமலில்லை. 'போபாலிலிருந்து காரில் போய் வரலாம்' என்ற தலைப்பின் கீழே இருக்கிறது. ரயிலில் போகிறவர் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இடம் பின்னால் போய்விட்டிருக்கும்.

ஆகவே ரயில் வழிகாட்டியின் முதல் லக்ஷணம், அது பாதையின் வரிசையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது. இது நான் புதிதாகக் கேட்கும் ஒன்றன்று. லண்டன் முர்ரே பிரசுராலயம் 1859-இல் சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கென்று வெளியிட்ட கைநூல்கள் பின்னாளில் வளர்ந்து, இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்குமான ஒரே கிரந்தமாக ஆனபோது, அதில் ரயில் பாதைகளே அத்தியாயங்களாயின. ஸ்டேஷன்களின் தூரம் மைல்கணக்கில் குறிக்கப்பட்டது. நம் தென்னிந்திய ரயில்வே கம்பெனி வெளியிட்ட படவிளக்க வழிகாட்டி, 1926-ஆம் வருஷப் பதிப்பில், ஒவ்வொரு ஸ்டேஷனாக எடுத்துக்கொண்டு, அங்கே தங்கச் சத்திரம் உண்டா, வண்டி கிடைக்குமா, உள்ளூர்க் கைத்தொழில் என்ன, சந்தையும் திருவிழாவும் எப்போது, பார்க்க வேண்டிய ஸ்தலங்கள் எவை என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில், ஆட்சியாளரின் கண்கொண்டு எழுதப்பட்ட நூல்தான். அதன் மதிப்பீடுகள் பலவற்றை நாம் ஏற்க முடியாது. ஆயினும் எந்தச் சிறு ஊரையும் அது தாண்டிக் குதிக்கவில்லை. அந்த ஒழுங்கை நாம் கைவிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ருஷ்யர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1891-இல் தொடங்கிய சைபீரிய ரயில் பாதை முழுமை பெறுவதற்கு முன்பே, 1900-இல் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் அந்தப் பாதைக்கென்று படங்களோடு ஒரு பெருநூலை வெளியிட்டு, ஆங்கிலத்திலும் பெயர்த்துப் பிரசுரித்தது. மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர். தண்டவாளத்தின் ஓரமாகவே மாஸ்கோவிலிருந்து எண்ணிவரும் கிலோமீட்டர்க் கம்பங்கள் நட்டிருக்கின்றன. பிரின் தாமஸ் என்பவர் எழுதி, 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல பதிப்புகள் கண்ட சைபீரிய ரயில் கைநூல் அந்தக் கம்பங்களின் எண்ணையே தன் வரிசையாகக் கொண்டிருக்கிறது: இந்த எண்ணில் ஐரோப்பா முடிந்து ஆசியா தொடங்கும் தூண், இந்த எண்ணில் இந்த ஆற்றின் பாலம், இந்த எண்ணில் பைக்கால் ஏரி கண்ணில் படும் என்று. ஒரு வாரப் பிரயாணம் செய்பவர் ஜன்னலையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போகலாம். உலகத்தின் மிக நீண்ட ரயில் பாதைக்குச் சாத்தியமான ஒன்று நம் சென்னை–தில்லி கிராண்ட் டிரங்க் பாதைக்கு ஏன் சாத்தியமில்லை?

அத்தகைய எண் நம் பாதைகளிலும் இருக்கத்தான் இருக்கிறது என்பதைப் பிரயாணிகளில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மேலே மின்கம்பியைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சிறு தகடு உண்டு. அதன் மேல்வரியில் கிலோமீட்டர் எண்ணும், கீழ்வரியில் அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது கம்பம் என்பதற்கான எண்ணும் எழுதியிருக்கும். வண்டி சற்று மெதுவாகும்போது அதைப் படித்துவிடலாம். ஆனால் அந்த எண் நாம் புறப்பட்ட இடத்திலிருந்து அளந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. இடார்சிக்கு வடக்கே தில்லிப் பாதையில் காணும் கிலோமீட்டர் எண் மும்பையிலிருந்து கணக்கிட்டது. சென்னையிலிருந்து வருகிறவர் இதை அறியாமல் குழம்பிப்போவார். நல்ல நூல் இதை ஆரம்பத்திலேயே விளக்கி, பார்க்கவேண்டிய ஒவ்வொன்றையும் அந்த எண்ணோடு சேர்த்துக் கொடுக்கும். அதேபோல ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயரின் கீழே, அந்த இடம் கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று பொறித்திருக்கிறது. அந்த எண்களை வழிநெடுகக் குறித்துக்கொண்டு போனாலே, தக்காண பீடபூமி எப்படி எழுகிறது, எங்கே தாழ்கிறது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

இரண்டாவதாக, எந்தப் பக்கத்து ஜன்னலில் என்ன தெரியும் என்பதை நூல் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஹௌராவுக்குப் போகும் வழியில், ஒடிஷாவில் ரம்பாவுக்கும் பாலுகாவுக்கும் இடையே சில்கா ஏரி கிழக்கே விரிந்துகிடக்க, மேற்கே உட்கார்ந்திருப்பவர் கிழக்குத் தொடர்ச்சி மலையை மட்டும் பார்த்துக்கொண்டே போய்விடுவார். இடது, வலது என்று எழுதிய நூல் போகும்போது சரியாக இருந்து திரும்பும்போது தவறாகிவிடும். கிழக்கு, மேற்கு என்று எழுதிய நூல் இரண்டு திசைக்கும் உதவும். வண்டியில் பெட்டி எந்த முகமாகக் கோக்கப்பட்டிருக்கும் என்பது நிச்சயமில்லாததால், இருக்கை எண்ணை வைத்துப் பக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வெளிச்சத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். இரவில் சென்னையை விட்டு மூன்றாம் நாள் விடியலில் தில்லி சேரும் வண்டியில் போகிறவருக்குச் சாத்பூரா மலை மாலை வெயிலில் கிடைக்கும். நர்மதையும் பீம்பேட்காவும் கோடையில் அந்தி வெளிச்சத்திலும், மார்கழியில் இருட்டிலும் போய்விடும். போபாலுக்கு வடக்கே கடக ரேகையைத் தாண்டியதும் வரும் சாஞ்சிக் குன்றும், குவாலியர் கோட்டையும், மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே மழைநீர் அரித்து அரித்து மண்மேடுகளாகச் சிதறிக் கிடக்கும் சம்பல் பள்ளத்தாக்கும் அவர் தூங்கும்போதே கடந்துவிடும். சம்பலைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பகலில் கடக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வண்டியில் போனால் எந்த இடம் பகலில் வரும் என்று சொல்கிற நூல், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே படிக்கத் தகுந்தது. அதனால்தான் வழிகாட்டியைப் புறப்படும் நாளில் ஸ்டேஷன் கடையில் வாங்குவதைவிட, பிரயாணத்தை உத்தேசித்த அன்றே வாங்கிவிடுவது நல்லது என்பேன்.

பதிப்பித்த ஆண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு அளவுமீறிய முக்கியத்துவம் வேண்டியதில்லை. போபாலை அடுத்த ஹபீப்கஞ்ச் ஸ்டேஷன் 2021-இல் ராணி கமலாபதி ஆயிற்று. ஜான்சி, வீராங்கனை லட்சுமிபாயின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஹோஷங்காபாத் என்று பழைய நூல்களில் இருப்பதே இன்றைய நர்மதாபுரம். பலகையில் ஒரு பெயரும் நூலில் ஒரு பெயருமாக இருந்தால் பிரயாணி தடுமாறுவார் என்பது உண்மை. எனினும் மலையும் ஆறும் சரித்திரமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. வண்டி நேரமும் கட்டணமும் விடுதி வாடகையுமே பக்கங்களை நிரப்பியிருக்கும் நூல் அச்சகத்தை விட்டு வெளியே வரும்போதே பழசாகிவிடுகிறது. அவற்றை அன்றன்று பார்த்துக்கொள்ளக் கைபேசியே போதும். நிலைத்து நிற்பவற்றை நிதானமாக எழுதிய பழைய நூல் ஒன்று, அவசரமாகத் தொகுத்த புதிய நூலைக் காட்டிலும் நல்ல துணை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டு ரயில்களைப் பற்றி உலகெங்கும் விற்பனையாகும் ஆங்கில வழிகாட்டிகள், முதல்முறையாக இங்கே வரும் அந்நியரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எப்படி ஏமாறாமல் இருப்பது, தண்ணீரை எப்படிக் குடிப்பது, கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பனவே அவற்றில் பல பக்கங்களை அடைத்துக்கொள்கின்றன. அவருக்கு அவை தேவைதான். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு மகனைப் பார்க்கப் போகும் தம்பதிகளுக்கு வேண்டியவை வேறு. விஜயவாடாவில் கிருஷ்ணையைத் தாண்டும்போது பக்கத்தில் தெரியும் அணை எது, ராமகுண்டத்துக்கும் மஞ்சிரியாலுக்கும் இடையே கடக்கும் பெரிய ஆறு கோதாவரிதானா, அந்தப் பிரதேசமெங்கும் நிலக்கரி வண்டிகள் நிற்பானேன், பல்லார்ஷாவில் புகை விடும் ஆலை என்ன செய்கிறது என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே 1929-இல் பாதை இணைந்ததால்தான் சென்னையிலிருந்து தில்லிக்கு இந்த நேர்வழி கிடைத்தது என்பதும், அதே ஆண்டில் பெஷாவரிலிருந்து மங்களூர் வரை ஓடத் தொடங்கிய வண்டியே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என்பதும், அவர்கள் உட்கார்ந்திருக்கும் பாதையின் சொந்தச் சரித்திரம். அதைத் தமிழில் ஒருவர் சொன்னால் அவர்கள் ஆவலோடு கேட்பார்கள்.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஓடும் வண்டியின் ஆட்டத்தில் வயதானவர்களும் படிப்பதற்கு. கட்டு உறுதியாக இருக்க வேண்டும். ஒரு கையில் பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும். வழவழப்பான தாளில் வண்ணப்படங்கள் வேண்டாம். படம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதற்குப் பதிலாக, பாதையை மட்டும் நீளவாக்கில் காட்டி, ஆறுகளையும் மலைகளையும் கிலோமீட்டர் எண்களையும் குறித்த கோட்டுப்படங்கள் பக்கத்துக்குப் பக்கம் வேண்டும்.

இத்தகைய நூல் ஒன்று தமிழில் வருவதற்கு இப்போது தடையாக இருப்பது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியாரையும், தமிழ்நாட்டு மாவட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நூல் எழுதிய சோமலெயையும் பெற்ற மொழி இது. பிரயாண நூல் எழுதும் திறமைக்கும் வாசிக்கும் ஆர்வத்துக்கும் இங்கே என்றும் பஞ்சமில்லை. பழைய தென்னிந்திய ரயில்வேயையும் இன்னும் இரு ரயில்வேக்களையும் இணைத்து 1951-இல் அமைந்த தெற்கு ரயில்வேயின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. பாதையின் ஒவ்வொரு வளைவும் பாலமும் எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறது என்ற விவரம் ரயில்வேயின் வசம் உண்டு. அந்த விவரத்தை ரயில்வே கொடுத்து உதவ, ஒரு தமிழ்ப் பதிப்பகம் முன்வந்து, பூகோளமும் சரித்திரமும் தாவரமும் அறிந்தவர்கள் சிலரைப் பகலிலும் இரவிலும் இரு திசைகளிலும் பிரயாணம் செய்யவைத்து எழுதச் சொன்னால், சென்னை–தில்லிப் பாதைக்கு முதல் நூல் வந்துவிடும். அடுத்து ஹௌரா, அடுத்து, அஸ்ஸாமின் திப்ரூகரிலிருந்து ஒன்பது மாநிலங்களைக் கடந்து கன்னியாகுமரியில் வந்து நிற்கும் விவேக் எக்ஸ்பிரஸின் பாதை. தெற்கு ரயில்வே நிர்வாகமும் தமிழ்ப் பதிப்பகங்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும் வாசகர்களும், ஒவ்வொரு கடையிலும் இப்படி ஒரு நூல் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.